பென்சிலால் எழுதிய சீட்டு

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. நில நத்தைகள்தான் என் தலைப்பு. ஒரே இனம் என்று நினைத்திருந்தது மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டிஎன்ஏ வரிசையைப் பார்த்தால் இரண்டாகப் பிரிகிறது. புதிய இனம் என்று எழுதிவிடலாமா? உருவத்தைப் பார்ப்பது பழைய காலத்து வேலை, இனி எல்லாம் டிஎன்ஏதான் என்கிறார்கள். இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா என்ற பயமும் இருக்கிறது.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதியில் விட்ட என் ஆய்வின் குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. வேலை விஷயத்தை உங்கள் துறையில் இப்போது இருப்பவர்களிடம் கேளுங்கள்.

‘பழைய காலத்து வேலை’ என்று யாரோ சொன்னால் அதை அப்படியே திருப்பிச் சொல்வீர்களா? மூன்று ஆண்டுகளில் ஒரு நத்தையையாவது நீங்களே அறுத்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓடு ஒன்றுபோல இருக்கும் நத்தைகளை இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை வைத்துப் பிரித்தறிவது நெடுநாள் வழக்கம். நில நத்தைகளில் ஒரே இனத்துக்குள்ளேயே மைட்டோகாண்ட்ரியா வரிசை வெகுவாக மாறுபடுவதுண்டு. செல்லின் உட்கருவில் இருக்கும் மரபணுக்களும் அதே பிரிவைக் காட்டுகின்றனவா? பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள்.

பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசுகளோடு டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். சிலவற்றின் மேல் ஒட்டியிருந்த துணுக்குகளை முதலில் ஒட்டுண்ணி என்றே நினைத்தார். அவைதான் ஆண்கள். திரும்பத் திரும்ப அறுத்துப் பார்த்ததால் தெரிந்தது.

என் கதையையும் கேளுங்கள். ஆல்கஹால் குழாய்களின் வெளியே மார்க்கரால் எண் எழுதியிருந்தேன். பைக்குள் ஒரு குழாய் கசிந்து, மை முழுக்கக் கரைந்து, நாற்பது குழாய்களும் எண்ணில்லாமல் நின்றன. உள்ளே டிஎன்ஏ எடுப்பதற்கு ஆளுக்கொரு துளித் தசை. உடல்களை வைத்துக்கொள்ளவில்லை. டிஎன்ஏ வரிசைகள் பின்னால் அழகாக வந்தன, ஓர் எழுத்துகூடச் சந்தேகமில்லை. ஆனால் எது எந்த உயிருடையது, எங்கே பிடித்தது என்று சொல்ல ஆளில்லை. ஊகித்து எழுதிவிடு என்றார்கள். மனசு ஒப்பவில்லை, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். அன்றிரவு அழுதது இன்றும் நினைவிருக்கிறது. அப்புறம்தான் ஒரு மூத்த ஆய்வாளர் சொல்லித் தந்தார்: காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதிக் குழாய்க்குள்ளேயே போடு, ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது.

உங்கள் நத்தைகளின் உடல்கள் எங்கே இருக்கின்றன? எண்ணிட்டு, நாளை வேறொருவர் எடுத்துப் பார்க்கும்படி ஒரு சேகரிப்பில் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கட்டுரையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். இருந்தால் நல்லது. டிஎன்ஏ காட்டும் இரண்டு பிரிவுகளிலிருந்தும் ஐந்தைந்து எடுத்து அறுத்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று கிழிந்துதான் போகும், பயப்பட வேண்டாம், கை பழகிவிடும். பார்த்ததைப் பார்த்தபடி வரைந்து வையுங்கள். அந்தப் படங்களை எனக்கு அனுப்புவீர்களா?