மாக்ஸ் பிளாங்க் பெயர் பட்டியலில் இல்லையே, அனுப்பலாமா?

அன்புள்ள ஐயா,

மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, ஜெர்மனியில் பிஎச்.டி.க்கு இரண்டு இடம் வாங்கியிருக்கிறார். முதலில் அதற்கு வாழ்த்து. ஒன்று, உலகத் தரவரிசையில் 150-ஐ ஒட்டி வரும் பல்கலைக்கழகம். மகள் ஆசைப்படும் மற்றொன்று மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம். அங்கே பட்டம் தரப்போவது 300-க்கும் பின்னால் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம். "மாக்ஸ் பிளாங்க் பெயரையே பட்டியலில் காணோமே, ஏமாற்று வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, ஐயா. அந்தப் பட்டியல்களில் இடம்பெறுவது பல்கலைக்கழகங்கள் மட்டும்தான். மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனம். அது தன் பெயரில் பட்டம் தருவதில்லை, பல்கலைக்கழகம்தான் தரும். 2021-இல் வேதியியல் நோபல் பெற்ற பெஞ்சமின் லிஸ்ட், முல்ஹைம் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்காரர். நம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியையும் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தையும் அந்தப் பட்டியல்களில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம் இரண்டையும் சேர்த்து, ஆய்வுக் கட்டுரைகளை வைத்து வரிசைப்படுத்தும் நேச்சர் இன்டெக்ஸில் மாக்ஸ் பிளாங்க் முன்வரிசையிலேயே இருக்கிறது.

சரி, அந்த 150, 300 எல்லாம் எப்படி வருகிறது? ஷாங்காய் தரவரிசையில் 30 சதவீதம் நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் விருதுக்குமே போய்விடும். வாங்கியவர் அங்கே படித்திருந்தால் 10, அங்கே வேலை பார்க்கும்போது வாங்கியிருந்தால் 20. நேச்சர், சயின்ஸ் இரண்டு இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20, மொத்தக் கட்டுரை எண்ணிக்கைக்கு 20, மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டும் விஞ்ஞானிகளுக்கு 20. ஆள்பலத்துக்கு ஏற்றபடி வகுத்துப் பார்ப்பது மிச்சமுள்ள 10-இல் மட்டும். அதனால் பெரிய பல்கலைக்கழகத்துக்கு இயல்பாகவே கை ஓங்கும். க்யூ.எஸ். என்ற இன்னொரு தரவரிசைக்கு வேறு வழி: மற்ற பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டு அதற்கு 30, ஒரு ஆசிரியருக்கு எத்தனை மேற்கோள் என்பதற்கு 20. கருத்துக்கணிப்பில் பழைய பெயருக்குத்தான் மவுசு என்பது என் எண்ணம்.

மேற்கோள் எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிட முடியாது. மருத்துவக் கட்டுரைக்குக் குவியும், கணிதக் கட்டுரைக்குச் சொட்டுச் சொட்டாக வரும். துறைக்குத் துறை சரிசெய்துதான் கணக்குப் போடுகிறார்கள். ஆனாலும் விபத்து நடக்கும். 2010-இல் டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசையில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா பல்கலைக்கழகம், மேற்கோள் தாக்கத்தில் உலகில் நான்காம் இடம், ஹார்வர்டுக்கும் மேலே! ஒரே ஒரு ஆய்வாளர், தானே ஆசிரியராக இருந்த இதழில் எழுதிய கட்டுரைகள்தான் அந்த எண்ணை அவ்வளவு தூக்கிவிட்டன என்று பிறகு செய்தி வந்தது. அந்த வருடம் அங்கே சேர்ந்த வேதியியல் மாணவருக்கு அந்த நான்காம் இடத்தால் என்ன பயன்?

பிஎச்.டி.க்குப் போகிறவர் பல்கலைக்கழகம் முழுவதிலுமா உட்காரப்போகிறார்? மூன்று நான்கு வருடம் ஒரு கைடு, ஒரு ஆய்வகம், பத்துப் பதினைந்து பேர், அவ்வளவுதான். அதை எந்த ரேங்கும் அளப்பதில்லை. மகளையே பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு கைடுகளின் கடந்த ஐந்து வருடக் கட்டுரைகளைக் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் திறந்து பாருங்கள். முதல் பெயராக யார் வருகிறார்கள்? மாணவர்கள் பெயர் மாறி மாறி வந்தால் நல்லது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்க வேண்டும். அப்புறம் ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் 'முன்னாள் உறுப்பினர்கள்' என்று ஒரு பகுதி இருக்கும். பிஎச்.டி. முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அதில் தெரியும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு மூன்று விஷயங்களுக்கு. சம்பள ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, முடியாவிட்டால் நீட்டிப்பார்களா? அந்தப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மாணவரைச் சேர்க்கும் உரிமை கைடுக்கு உண்டா, இல்லை அங்கே இன்னொரு பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டுமா? அப்படியென்றால் அவர் யார்?

இதையெல்லாம் கைடிடமே மெயிலில் கேட்கலாம், தப்பில்லை. அங்கே இதை யாரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்க மாட்டார்கள். இந்த வாரமே மகளை எழுதச் சொல்லுங்கள். டிசம்பர் மூன்றாவது வாரம் தாண்டினால் கிறிஸ்துமஸ் விடுமுறை, ஜனவரி வரை பதில் வராது.