ஏஜென்ட்டுக்குக் கருவியை விளக்குவது: உங்கள் கேள்வி, என் பதில்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு கேட்டரிங் கடைக்கு ஆர்டர் எடுக்கும் ஏஐ ஏஜென்ட் செய்து கொடுத்ததிலிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கருவி என்றால், ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏஐ மாடல் ஒரு வேலையைச் செய்ய அழைக்கும் நிரல். அதைப் பற்றி மாடலுக்கு எழுதிக் கொடுப்பதுதான் விவரம்.

கே: அக்கா, கருவிக்கு 'ஆர்டர்களைத் தேடும்' என்று ஒரு வரி விவரம் எழுதியிருக்கிறேன். போதாதா?

போதாது தம்பி. கருவிக்குள் இருக்கும் உங்கள் நிரலை மாடல் பார்ப்பதில்லை. பெயர், விவரம், உள்ளீடுகள், அவ்வளவுதான் அதன் கையில். போன் எண்ணை வைத்துத் தேடுவதா, ஆர்டர் எண்ணை வைத்தா? எவ்வளவு பழையது வரை கிடைக்கும்? நான் இப்படி எழுதினேன்: "வாடிக்கையாளரின் போன் எண்ணைக் கொண்டு கடந்த 90 நாள் ஆர்டர்களைத் தேடும். ரத்தானவையும் வரும். புது ஆர்டர் போட இதைப் பயன்படுத்தாதே. ஒன்றும் இல்லையென்றால் காலிப் பட்டியல் வரும். அது பிழை அல்ல." கடைசி வாக்கியம் பிறகு சேர்த்தது. அது இல்லாதவரை, காலிப் பட்டியலைப் பார்த்த மாடல் ஐந்தாறு தடவை திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தது.

கே: மரீனா பே பக்கம் டெலிவரி போட்டால் அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கம் குறைகிறது.

அந்த உள்ளீட்டை 'எண்' வகையாக வைத்திருப்பீர்கள். நம் அஞ்சல் குறியீடு 6 இலக்கம். அந்த வட்டாரத்தில் 01 என்று தொடங்கும். எண்ணாக எடுத்தால் 018956 என்பது 18956 ஆகிவிடும். எழுத்து வகைக்கு மாற்றி, விவரத்தில் ஓர் உதாரணமும் போடுங்கள். பஸ் நிறுத்தக் குறியீட்டுக்கும் இதே கதைதான்.

கே: தேதியைப் பற்றிச் சொல்லுங்களேன்.

அதில் நான் சூடு பட்டவள். 80 பேருக்குப் பிரியாணி, தேதி '3/8' என்றார் வாடிக்கையாளர். மாடல் அதை அமெரிக்கக் கணக்கில் மார்ச் 8 என்று எடுத்தது. அப்போது ஜூலை, மார்ச் போய்விட்டதே என்று அடுத்த வருடத்தில் போட்டுவிட்டது! ஆகஸ்ட் 2 காலையில் அவரே உறுதிசெய்யக் கூப்பிட்டதால் தப்பித்தோம். இப்போது விவரத்தில் "வாடிக்கையாளர் சொல்வதில் முதலில் நாள், பிறகு மாதம்; கருவிக்கு ஆண்டு-மாதம்-நாள் என்று அனுப்பு" என்று இருக்கிறது. அப்புறம், ஆறு மாதத்துக்கு அப்பால் தேதி வந்தால் கருவி மறுத்துவிடும். வெறும் 'பிழை' என்று சொல்லாமல் "தேதி ரொம்பத் தள்ளி இருக்கிறது, வாடிக்கையாளரிடம் மாதத்தைக் கேள்" என்று திருப்பிச் சொல்லும். பிழைச் செய்தியையும் மாடல் படிக்கிறது, அதையும் விவரம் மாதிரியே எழுதுங்கள்.

கே: 'குடும்பப் பெயர்' கட்டாய உள்ளீடு. மாடல் கண்டதை நிரப்புகிறது.

நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கட்டாயம் என்று சொன்னால் அப்பா பெயரையோ வேறு எதையோ போட்டு நிரப்பத்தான் செய்யும். 'முழுப்பெயர், ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி' என்று ஒரே உள்ளீடாக்குங்கள்.

கே: விவரத்தைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், மாடலுக்குப் புரியும். ஆனால் மாடலை அழைக்கும் ஒவ்வொரு தடவையும் விவரம் கூடவே போகிறது. தமிழ் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டு) பிடிக்கும். நான் ஆங்கிலத்தில் எழுதி, வாடிக்கையாளர் பேச்சை மட்டும் தமிழில் சேர்ப்பேன்: 'நாளைக்குச் சாப்பாடு வேணாம்' என்றால் ரத்து, 'பத்து பேர் கம்மி' என்றால் திருத்தம் என்று. கருவியின் பெயரில் தமிழ் பொதுவாக நடக்காது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு, இவைதான்.

கே: 40 கருவிகள் இருக்கின்றன. தவறானதை எடுக்கிறது.

'ஆர்டர் பார்', 'ஆர்டர் எடு', 'ஆர்டர் விவரம்': மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கே சட்டென்று சொல்ல வருமா? ஒன்றாக்குங்கள்.

கே: ரத்து செய்யும் கருவியில் 'கவனமாகப் பயன்படுத்து' என்று எழுதினால் போதுமா?

அதை நம்பி நான் தூங்கமாட்டேன். ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபியில் (ஏஐ செயலிகளைக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை), ஒரு கருவி எதையாவது அழிக்கக்கூடியது என்று குறித்துவைக்க இடம் இருக்கிறது. அதுவும் ஒரு குறிப்புதான், எதையும் தடுக்காது. எங்கள் ரத்துக் கருவி கடைக்காரர் தன் போனில் 'சரி' தட்டினால்தான் ஓடும். அந்தத் தடை நிரலிலேயே இருக்கிறது. விவரத்தில் "கடைக்காரர் ஒப்புக்கொள்ளும்வரை ரத்தாகிவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதே" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.