கல்லூரி நூலகத்தில் மாணவர்களோடு நடக்கும் சாட் உரையாடல்களைச் சேமித்து வைப்பதால் என்ன பயன்?

பயன் நிறைய இருக்குதுங்க, உட்கார்ந்து படித்தால். பல கல்லூரிகளில் மாதக் கடைசியில் 'இத்தனை சாட் வந்தது' என்று ஓர் எண்ணை எடுத்து, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) அமைப்புக்கான கோப்பில் சேர்ப்பதோடு சரி.

நான் ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். டெக்ஸ்டைல் பையன் ஒருவன் "சார், டையிங் பத்தி புக் இருக்குதுங்களா?" என்று ஆரம்பிப்பான். அந்த வரியோடு நின்றால் 'புத்தகம் தேடல்' என்று குறித்துவிடுவோம். நாலு வரி தள்ளிப் போனால் சங்கதி வேறு: சாயக்கழிவு நீரிலிருந்து உப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று புராஜெக்டுக்கு விவரம் வேண்டும். 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து இங்கே வற்றாத தலைப்பு அது. அவனை அலமாரிக்கு அனுப்பிப் பிரயோசனமில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்காவில் தேடக் காட்ட வேண்டும். வாசகர் முதலில் கேட்பது அவருடைய முழுத் தேவை அல்ல என்று நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968-லேயே எழுதிவிட்டார். நேரில் பேசினால் இந்த இழுபறி காற்றோடு போய்விடும். சாட்டில் அப்படியே எழுத்தில் நிற்கிறது, அதுதான் லாபம்.

ஆகவே ஒவ்வொரு உரையாடலுக்கும் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: முதலில் கேட்டது என்ன, கடைசியில் தேவைப்பட்டது என்ன. ஒரே மாதிரி இடைவெளி திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு மாணவனிடம் இல்லை, நம்மிடம். "ஜர்னல் திறக்க மாட்டேங்குதுங்க" என்பது எங்களுக்குச் சாயங்காலம் ஆனால் வரும். கோபியிலிருந்தும் பவானியிலிருந்தும் வந்து போகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து திறக்கிறார்கள்; சந்தாவோ கல்லூரி நெட்வொர்க்கில் மட்டும் திறக்கும். வெளியிலிருந்து நுழைவதற்கான லாகின் இருந்தது, ஆனால் வலைத்தளத்தில் மூன்றாவது மெனுவுக்குள். அதைத் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த பிறகு அந்தக் கேள்வி வெகுவாகக் குறைந்துவிட்டது.

அமெரிக்க நூலகங்களில் ரீட் அளவுகோல் என்று ஒன்று உண்டு. பதில் சொல்ல ஆன உழைப்பை 1 (மிகக் குறைவு) முதல் 6 (மிக அதிகம்) வரை குறிப்பார்கள். ஒன்றும் இரண்டும் குவிந்தால் அறிவிப்புப் பலகையையும் வலைப்பக்கத்தையும் திருத்துங்கள். நாலும் ஐந்தும் ஒரே துறையிலிருந்து வந்தால் அந்தத் துறைக்கு ஒரு மணி நேர வகுப்பு கேட்டு வாங்குங்கள்.

சொல் எண்ணும் மென்பொருளை நம்பி இறங்காதீங்க. நம்ம பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், 'ரினிவல்' ஒன்றையே ஆளுக்கொரு விதமாக. கணக்கில் பாதி தப்பிவிடும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் பரீட்சை சமயத்தில் ஒரு வாரம், சாதாரண நாளில் ஒரு வாரம் எடுத்துப் படித்தால் போதும்.

படிப்பதற்கு முன் பெயர், ரோல் நம்பர், போன் நம்பர் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். உரையாடல் சேமிக்கப்படும் என்று சாட் பெட்டியிலேயே எழுதி வையுங்கள். பதில் சொன்ன ஊழியர் பெயரையும் எடுத்துவிடுவது நல்லது. 'யார் தப்பாகச் சொன்னது' என்று மேலே இருந்து ஒரு தடவை கேட்டுவிட்டால், அடுத்த மாதம் முதல் எல்லாரும் "நேரில் வாங்க" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். அப்புறம் படிக்க ஒன்றும் இருக்காது.