2013 ஆரோனியன்–ஆனந்த் ஆட்டம்: கறுப்பு எப்படி ஜெயித்தது?

நெதர்லாந்தின் விய்க் ஆன் ஸேயில் நடந்த டாட்டா ஸ்டீல் சதுரங்கப் போட்டியில் வெள்ளை ஆடிய ஆரோனியன், கறுப்பு ஆடிய ஆனந்தின் ஒரு யானையை வெட்டியும் 23 நகர்த்தலில் தோற்றது ஏன்? விடை ஓப்பனிங்கிலேயே, அதாவது தொடக்க நகர்த்தல்களிலேயே, இருக்கிறது.

அது செமி-ஸ்லாவ் என்ற ஓப்பனிங், அதில் மெரான் பிரிவு. கறுப்பு சி4 கட்டத்தில் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) வெட்டி, பி5 தள்ளி, மந்திரியை பி7-க்குக் கொண்டுவரும். ஆனால் சி6 சிப்பாய் அந்த மந்திரியின் வழியை மறித்தபடி நிற்கும். சி5 தள்ளியதும்தான் மூலைக்கோடு ஜி2 வரை திறக்கும். மெரானின் உயிரே இந்தத் தள்ளல்தான்.

ஆரோனியன் 12-ல் குதிரையை ஜி5-க்கு ஏற்றி, 13-ல் எச்7 சிப்பாயை வெட்டினார். அதற்குள் ஆனந்த் சி5 தள்ளிவிட்டார்; 13-ல் ஒரு குதிரையை ஜி4-க்கும் கொண்டுவந்தார். வெள்ளையின் ஏ1 யானையும் சி1 மந்திரியும் இன்னும் அசையவே இல்லை.

ஆட்டத்தின் அழகு 16-வது நகர்த்தலில்: ஆனந்தின் டி7 குதிரை இ5-க்கு வருகிறது, இலவசமாக! எஃப்4 சிப்பாய் அதை வெட்டினால் ராணி டி4-ல் வெட்டிச் செக். ராஜா எச்1-க்கு ஒதுங்கினால் ராணி ஜி1-ல் செக். சி5 மந்திரி ராணியைக் காப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது. யானைதான் வெட்ட வேண்டும். உடனே ஜி4 குதிரை எஃப்2-ல் மேட்.

ஆரோனியன் அந்தக் குதிரையைத் தொடவில்லை. ஆனாலும் எஃப்8 யானையை வெட்டிய அவர் குதிரை திரும்பவில்லை. 23-ல் கறுப்பு மந்திரி இ3-க்கு வந்து, எச்3-ஐக் காத்த வெள்ளை ராணியின் பார்வையை அடைத்தது. எச்3 சிப்பாயும் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டிருந்ததால் (நகர்ந்தால் எச்5-ல் நின்ற கறுப்பு ராணியின் செக்) ஜி4 குதிரையை வெட்ட வழியில்லை. ஆரோனியன் விட்டுக்கொடுத்தார்.