செப்டிக் டேங்க்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முப்பது வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். செப்டிக் டேங்க் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் வாசகி: அண்ணா, டேங்க் கட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் நிரம்பவே இல்லை. நல்ல டேங்க்தானே?

இல்லை அம்மா, அதுதான் கவலையே. செப்டிக் டேங்க் எப்போதும் தண்ணீர் நிறைந்தே இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு போகிறதோ, அவ்வளவு தெளிந்த நீர் மறுபக்கம் சோக் பிட்டுக்கு, அதாவது நீரை மண்ணுக்குள் உறிஞ்சவிடும் குழிக்குப் போகும். கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். நிரம்பவே இல்லை என்றால், தரை பூசாமல் விட்டிருப்பார்கள், அல்லது எங்கோ கசிகிறது. கழிவு நேராக மண்ணுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். வீட்டில் கிணறோ போரோ இருந்தால் உடனே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

சரியாகக் கட்டிய டேங்கிலும் 2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். விட்டால் அது சோக் பிட்டுக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் லாரிச் செலவோடு போகாது, பிட்டையே புதிதாகத் தோண்ட வேண்டிவரும்.

சேலம் வாசகர்: மாதாமாதம் சாணி கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். கடையில் பாக்டீரியா பவுடரும் விற்கிறார்கள். எது நல்லது?

இரண்டும் வேண்டாம். நம் கழிவோடு வரும் நுண்ணுயிரே போதும். அதைக் கொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் வாளி வாளியாகக் கொட்டாதீர்கள். நாப்கின், டயாப்பர் எதையும் உள்ளே போடாதீர்கள்.

கடலூர் வாசகர்: ஐப்பசி மழையில் கக்கூஸில் தண்ணீர் இறங்கவில்லை. லாரி வைத்து எடுத்தோம். இரண்டே நாளில் மறுபடியும் நிரம்பிவிட்டது. ஏன் சார்?

நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டது. சோக் பிட்டைச் சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது அது எப்படி உறிஞ்சும்? அந்த நேரத்தில் டேங்கைக் காலி செய்வது ஆபத்தும்கூட. வெளியே இருக்கும் நீரின் அழுத்தத்தில் சுவர் விரிசல் விடும், பிளாஸ்டிக் டேங்க் என்றால் மேலே தூக்கிக்கொண்டே வந்துவிடும். ஆடி, ஆவணியிலேயே கசடு எடுத்துவிடுங்கள். மொட்டைமாடி மழைநீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும் டேங்குக்குள் வரவே கூடாது.

திருச்சி வாசகி: வீடு முழுக்கக் கொசு.

டேங்கின் வாயு வெளியேற வைத்திருக்கும் வெண்ட் பைப்பின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். மூடியில் சந்து இருந்தால் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள். பெரும்பாலும் இதிலேயே குறையும்.

விருதுநகர் வாசகர்: அடியில் கெட்டியாக இருக்கிறதாம். ஆளை இறக்கினால்தான் வருமாம். லாரிக்காரர் கூடுதல் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

தம்பி, கொடுக்காதீர்கள். இறக்கவும் விடாதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்த வீடுகள் எத்தனையோ. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கெட்டியாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி, மேலே நின்றபடியே நீளக் கம்பால் கலக்கி, பிறகு உறிஞ்சச் சொல்லுங்கள். ஒரு நடையில் வராவிட்டால் இன்னொரு நடை.

அவரே: கோபித்துக்கொண்டு போய்விட்டால்?

போகட்டும். செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான அரசு உதவி எண் 14420க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். வேறு வண்டி வரும்வரை மூடியைத் திறந்து போட்டுவிடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.