பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிடக் கூச்சம் எதற்கு? வாசகர் கேள்வி பதில்

மகளுக்கு பினாங்கு யூ.எஸ்.எம்.மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இடம் கிடைத்திருக்கிறது. சோதனைக்கூட வேலை முடிந்து ஆஸ்டலுக்குத் திரும்ப இரவு பதினொன்றுகூட ஆகுமாம். கேட்டதிலிருந்து அவள் அப்பாவுக்கு அனுப்ப மனசே இல்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

அனுப்புங்கள் அம்மா. பயத்தால் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

யூ.எஸ்.எம்.மின் மிண்டன் வளாகம் பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாம். மேடும் பள்ளமுமான சாலைகள், பெரிய பெரிய மரங்கள். பகலில் அந்த நிழல் சுகமாக இருக்கும், இரவில் ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே இருட்டு விழும், அங்கேதான் காலடி தானாக வேகமெடுக்கும். ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களில் பாதுகாப்புப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. சீருடையில் நிற்பவர்கள் எல்லோரையும் வெறும் ஜாகா, அதாவது காவலாளி என்று நினைத்துவிட வேண்டாம், அவர்களில் போலீஸ் பந்துவான், அதாவது 1967 போலீஸ் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட துணைப் போலீஸாரும் இருப்பார்கள். வளாகத்துக்குள் ஒருவனைப் பிடித்து பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ஆள் இருக்கிறார்கள், எண்ணும் இருக்கிறது, பிள்ளைகள்தான் கூப்பிடுவதில்லை. நானும் கூப்பிடவில்லை. நான் படித்தது வேறு வளாகம். ஓரிரவு நூலகத்திலிருந்து திரும்பும்போது ஒருவன் மோட்டாரில் விளக்கை அணைத்துவிட்டு என் பின்னாலேயே மெதுவாக வந்தான். பாதுகாப்பு அலுவலக எண் என் மாணவர் அட்டையின் பின்புறமே அச்சாகியிருந்தது, அட்டையும் கழுத்தில்தான் தொங்கியது. இருந்தும் ஒன்றுமில்லாததற்கு ஆளைக் கூப்பிட்டோம் என்றாகிவிடுமோ என்ற கூச்சத்தில் வேகவேகமாக நடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வாரமே அதே வளைவில் இன்னொரு பெண்ணின் கைப்பை பறிபோனது. அவன்தானா என்று தெரியாது, ஆனால் நான் சொல்லியிருந்தால் அந்த வளைவில் ஒரு ரோந்து கூடியிருக்கும். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அதனால் பதிவு நாளன்று கட்டில் மெத்தை வாங்கிக் கொடுத்த கையோடு மகளைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் கூட்டிப் போங்கள். இரவில் துணைக்கு ஆள் வருவார்களா, ரோந்து எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு, வளாக பஸ் கடைசியாக எப்போது என்று நேரிலேயே கேளுங்கள். அங்கேயே எண்ணைக் கைப்பேசியில் பதிந்து, ஒரு முறை அழைத்தும் பார்க்கட்டும். ஒரு தடவை பேசிய எண்ணுக்கு இரண்டாம் தடவை அவ்வளவு தயங்க மாட்டாள். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிவதும் முக்கியம், "மரத்துக்குப் பக்கத்தில்" என்றால் அங்கே எத்தனையோ மரம், கட்டடத்தின் பெயரைச் சொல்லிப் பழகட்டும். வெளியே இருந்தால் 999, கைப்பேசியில் 112ம் போகும், திரை பூட்டியிருந்தாலும் அழைக்கலாம்.

அப்புறம், சாப்பாடு பொங்குஸ் பண்ண, அதாவது பொட்டலம் கட்டி வாங்க, வளாகத்துக்கு வெளியே சுங்கை டூவா பக்கம் நடந்து போவார்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கட்டும், பை சாலைப் பக்கத் தோளில் வேண்டாம். இழுத்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். பையை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், பிடித்துக்கொண்டு இழுபட்டால் தலையில்தான் அடிபடும்.

அக்கா, மூன்று மாதமாக ஒரு சீனியர் என் வகுப்பு வாசலில் வந்து நிற்கிறார். பிளாக் செய்தால் புது எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப். ஆஸ்டல் கேட்டில் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறார். தொட்டதில்லை, மிரட்டியதில்லை. தோழிகள் "லவ்தானே" என்கிறார்கள். இதற்கெல்லாம் புகார் கொடுக்கலாமா?
– மாணவி, கோலாலம்பூர்

கொடுக்கலாம் தங்கச்சி, கொடுக்கவும் வேண்டும். தொட்டால்தான் குற்றம் என்றில்லை. தண்டனைச் சட்டத்தில் 507ஏ என்ற பிரிவு 2023 மே 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, சுற்றிச் சுற்றி வருவது, எந்த வழியிலாவது தொடர்புகொண்டே இருப்பது, பொருள் அனுப்புவது, இப்படிச் செய்து அவரைப் பயத்திலோ மனவேதனையிலோ வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நீ எழுதியிருப்பதில் பாதி அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

"இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று ஒரே ஒரு முறை எழுத்தில் அனுப்பு. அதோடு சரி, பிறகு பதில் போடாதே, திட்டக்கூடத் திட்டாதே. அருவருப்பாக இருந்தாலும் மெசேஜ் எதையும் அழிக்காதே. கேட்டில் வைத்த பொட்டலத்தைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து வை. அதையெல்லாம் எடுத்துக்கொண்டு பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போ, உன் பெயருக்கு வரும் பொட்டலத்தை வாங்க வேண்டாம் என்று ஆஸ்டல் கேட்டிலும் சொல்லச் சொல். பாலாயில் ரிப்போர்ட்டும் கொடு. தனியாகப் போகாதே, அறைத்தோழியைக் கூட்டிக்கொள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசாங்கத்தின் உதவி எண் தாலியான் காசே 15999, நடு இரவிலும் எடுப்பார்கள்.

"லவ்தானே" என்ற தோழிகளிடம் இந்தப் பதிலைக் காட்டு. வேண்டாம் என்றவளை விடாமல் துரத்துவதற்குப் பெயர் லவ் இல்லை.

வங்கிக் கார்டைக் கொடுத்தால் மாதம் 300 ரிங்கிட் என்று ஆஸ்டல் நண்பன் சொன்னான். கொடுத்துவிட்டேன். இப்போது என் கணக்கில் யார் யாருடைய பணமோ வந்து போகிறது. வீட்டில் சொல்லப் பயம்.
– மாணவர், பினாங்கு

தம்பி, அது மோசடிக்காரர்கள் மற்றவர்களிடம் ஏமாற்றிய பணமாகத்தான் இருக்கும். கணக்கை இரவல் கொடுப்பதும் குற்றம் என்று 2024ல் தண்டனைச் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள், கேள்வி முதலில் வருவது கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம். இன்றே வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். வந்து கிடக்கும் பணத்தைத் தொடாதீர்கள், நண்பனுக்கே திருப்பி அனுப்பவும் வேண்டாம். அவனோடு பேசிய மெசேஜ்கள் அப்படியே இருக்கட்டும். ரிப்போர்ட் கொடுக்கப் போகுமுன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், கோபப்படுவார்தான், ஆனால் பாலாயில் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தால் உங்களுக்குப் பேச்சு வரும். சட்ட உதவி தேவைப்படுமா என்பதையும் அவரோடு சேர்ந்தே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.