ரோட்டேட்டர் கேள்விகள்: முதலில் மீட்டர், அப்புறம் ஏணி

கேள்வி: டவர் மேல் என் ஹாம் ரேடியோ ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டர் திடீரென்று சுற்றவில்லை. அவசரம். என்ன செய்வது? – சேலம்

பதில்: என்ன மாடல்? பட்டனை அழுத்தினால் உறுமுகிறதா, சத்தமே இல்லையா? திசை காட்டும் மீட்டரின் ஊசி அசைகிறதா? இந்த மூன்றையும் எழுதாமல் “அவசரம்” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கீழே மதுரைக்காரருக்குச் சொன்னதைச் செய்துவிட்டு, அளவுகளோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஹாம்-4 மாடல். பிரேக்கை விடுவிக்கும் பட்டனை அழுத்தினால் மேலே ‘டக்’ என்று கேட்கிறது. இடம், வலம் எதை அழுத்தினாலும் உறுமல்தான், ஆன்டெனா நகர மாட்டேன் என்கிறது. கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது. இறக்கிவிடலாமா? – மதுரை

பதில்: இறக்காதீர்கள். கடிதம் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இது உதாரணம். பதில் பாதி கேள்வியிலேயே இருக்கிறது. ‘டக்’ கேட்டால் பிரேக்கைத் தூக்கும் மின்காந்தம் (சொலினாய்டு) வேலை செய்கிறது. தள்ளினால் சுற்றுகிறது என்றால் மோட்டாரும் பிழைத்திருக்கிறது. மிச்சம் இருப்பது மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர். அது உங்கள் மேசை மேல் உள்ள கண்ட்ரோல் பாக்ஸுக்குள்தான் இருக்கிறது, 50 அடி உயரத்தில் இல்லை.

ஆனாலும் அளந்து பார்த்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கேபிளைப் பாக்ஸிலிருந்து கழற்றி, கேபிள் முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். டெர்மினல் எண்கள்படி, 1–2 முக்கால் ஓம் (பிரேக்). 1–4, 1–8 இரண்டும் தலா இரண்டரை ஓம் (மோட்டார் சுருள்கள்). 4–8 ஐந்து ஓம். 3–7 சுமார் 500 ஓம், அதுதான் திசை காட்டும் பாட் (மாறும் மின்தடை). இவற்றோடு கேபிளின் சொந்த ஓமும் சேர்ந்து வரும். மீட்டர் முனைகளை ஒட்டவைத்து வரும் அளவைக் கழிக்கவும் மறக்காதீர்கள். 1–4, 1–8 இரண்டும் ஒன்றுபோல இருந்தால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம்.

கெப்பாசிட்டர் 120 முதல் 140 மைக்ரோஃபாரட், துருவமில்லாத வகை. டிஸ்சார்ஜ் செய்து ஒரு காலைக் கழற்றி அளங்கள். 100-க்குக் கீழே காட்டினால் தூக்கிப் போடுங்கள். அசல் பாகத்துக்கு அமெரிக்காவுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் போடுகிற 120–150, 275 வோல்ட் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் எந்த மோட்டார் ரிப்பேர் கடையிலும் கிடைக்கும். அது தாராளமாகப் போதும். பாக்ஸுக்குள் அது அடங்காது, வெளியே மூடிய டப்பாவில் வையுங்கள். துருவமுள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக் ஒன்றை அப்படியே போட்டால் வெடிக்கும்.

கேள்வி: லேன் கேபிள் 40 மீட்டர் சும்மா கிடக்கிறது, 8 கம்பிகள் இருக்கின்றனவே, ரோட்டேட்டருக்கு இழுக்கலாமா? – திருச்சி

பதில்: எண்ணிக்கை சரி, தடிமன் போதாது. போக வர ஏழு ஓம் சாப்பிட்டுவிடும். மோட்டார் சுருளே இரண்டரை ஓம்தான். டெர்மினல் 1, 2 இரண்டுக்கும் 1.5 சதுர மி.மீ., மற்றவற்றுக்கு 0.75 போடுங்கள்.

கேள்வி: போன மழையில் தண்ணீர் இறங்கிவிட்டது. கழற்றித் துடைத்து, மேல் மூடியான பெல்லுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் உள்ள சந்து முழுவதும் சிலிக்கானும் எம்-சீலும் வைத்து அடைத்துவிட்டேன். ஆறு மாதத்தில் உள்ளே முன்பைவிடத் துரு. இன்னும் நல்ல சீலன்ட் எது? – தூத்துக்குடி

பதில்: நல்ல சீலன்ட் எதுவும் இல்லை, அடைத்ததுதான் தப்பு. இதை எத்தனை முறை எழுதினாலும் ஐப்பசி வந்தால் யாராவது ஒருவர் சிலிக்கான் குழாயோடு டவர் ஏறிவிடுகிறார்.

ரோட்டேட்டர் தண்ணீர்ப் பாட்டில் இல்லை. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும், மாலை மழையில் சட்டென்று குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நீங்கள் எவ்வளவு பூசினாலும் தண்டு சுற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது, ஒயர் நுழைகிற இடம் ஒன்று இருக்கிறது. அது வழியாக ஈரக்காற்று போகத்தான் செய்யும். போன ஈரம் இரவில் பனித்து நீராகும். திறந்த சந்து இருந்தால் அது வடிந்து, அடுத்த நாள் வெயிலில் காய்ந்துவிடும். நீங்கள் அடைத்த பிறகு அது அங்கேயே தங்கி, மாதக்கணக்கில் பேரிங் குண்டுகளையும் டெர்மினலையும் ஊறவைக்கிறது. தூத்துக்குடி உப்புக்காற்று வேறு. போதாக்குறைக்கு, வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். டெர்மினல் பச்சை பூத்திருந்தால் காரணம் அதுதான்.

மேல் பெல் கீழ்த்தட்டுக்குக் குடைபோல் கவிழ்ந்திருப்பதே மழைக்கான பாதுகாப்பு. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: நிமிர்ந்து நிற்க வேண்டும், அடியில் உள்ள சந்தும் துளைகளும் திறந்திருக்க வேண்டும். பூசியதை எல்லாம் பிளேடால் சுரண்டி எடுங்கள். குளவி கூடு கட்டியிருந்தால் அதையும். டெர்மினல் திருகுகளை எமரித் தாளில் தேய்த்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். ஒயர் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஆன்டெனாவைத் தாங்கும் மாஸ்ட் குழாயின் உச்சிக்கு மூடி போட்டீர்களா? முக்கால்வாசிப் பேர் போடுவதில்லை. மழை குழாய்க்குள் விழுந்து நேராக ரோட்டேட்டர் தலையில் இறங்கும்போது, பழி சந்தின் மேல் விழுகிறது.

கேள்வி: டபிள்யூடி-40 அடித்தால் பேரிங் சரியாகுமா? – வேலூர்

பதில்: பழைய கிரீஸைக் கரைக்க உதவும். கிரீஸ் ஆகாது. லித்தியம் கிரீஸ், மெல்லிய பூச்சு போதும். பிரேக் பாகங்களில் அப்பி வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரே வருடத்தில் பிரேக் வெட்ஜ் (பூட்டும் ஆப்பு) இரண்டாவது முறையாகத் தேய்ந்துவிட்டது. பாகம் தரமில்லையா? – கோவை

பதில்: பாகத்தைத் திட்டுவதற்கு முன் விரலைக் கவனியுங்கள். திசைப் பட்டனையும் பிரேக் பட்டனையும் (பிடித்திருக்கும் வரை பிரேக் விலகியிருக்கும்) ஒன்றாக விடுகிறீர்கள். 5 எலிமென்ட் பீம் ஆன்டெனா தன் வேகத்தில் இன்னும் கொஞ்சம் போகும். அந்த நேரத்தில் வெட்ஜ் விழுந்தால் மொத்த அடியும் அதற்கே. திசையை முதலில் விடுங்கள், பிரேக் பட்டனை இன்னும் ஐந்து விநாடி பிடித்திருங்கள், ஆன்டெனா ஓயட்டும், பிறகு விடுங்கள். நிற்பதற்கு முன் எதிர்த்திசை அழுத்துவதும் இதே பாவம். கை கேட்காது என்றால் பிரேக்கைத் தாமதித்து விழவைக்கும் டைமர் போடுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குத் திருப்ப ஒரு நிமிடம் ஆகிறது. மோட்டார் பலவீனமா? – சென்னை

பதில்: மோட்டார் சரி, சுற்று முடிகிற எல்லையை (ஸ்டாப்) வடக்கில் வைத்திருக்கிறீர்கள். சென்னையிலிருந்து லண்டன் சுமார் 320 டிகிரி, நியூயார்க் 337, சான்பிரான்சிஸ்கோ 22, டோக்கியோ 56. நமக்கு வேலை உள்ள திசைகள் எல்லாம் வடக்கின் இரு பக்கமும் இருக்கின்றன. ஸ்டாப் வடக்கில் இருந்தால் லண்டனிலிருந்து டோக்கியோவுக்கு 264 டிகிரி சுற்ற வேண்டும். தெற்கில் இருந்தால் 96. ஸ்டாப்பைத் தெற்கே வையுங்கள், மீட்டர் நடுவில் வடக்கு. ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் சுருளை ரோட்டேட்டர் நடுவில் நிற்கும்போது கட்டுங்கள். வடக்கைக் கண்டுபிடிக்க காம்பஸை டவர் காலடியில் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு இழுக்கும். காந்த வடக்கின் விலகல் இங்கே ஒன்றிரண்டு டிகிரிதான், அதை மறந்துவிடலாம்.

கேள்வி: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கண்ட்ரோல் பாக்ஸ். இங்கே ஓட்டலாமா? – புதுச்சேரி

பதில்: ஓட்டலாம், ஆனால் 120-க்கு இறக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் கோர் காந்தத்தால் நிரம்பிச் சூடாகும். 100–110 வோல்ட் தரும் 300 வி.ஏ. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். சுற்றும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், அது கோளாறு இல்லை.

கேள்வி: காற்றடித்தால் ஊசி அசையாமல் ஆன்டெனா மட்டும் திரும்புகிறது. மாஸ்டையும் கிளாம்பையும் துளைத்துப் போல்ட் போடட்டுமா? – கொடைக்கானல்

பதில்: வேண்டாம். வழுக்குவதுதான் உங்கள் ஃபியூஸ். துளைத்துப் பூட்டினால் அடுத்த சூறைக்காற்றில் கியர் பல் போகும். உங்கள் மாஸ்ட் ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயாக இருந்தால் வெளி விட்டம் 48 மி.மீ. ஹாம்-4 கிளாம்பின் நிலையான தாடை 52 மி.மீ. குழாய்க்கு மையமாக இருக்கும். ஆகவே குழாய் 2 மி.மீ. ஓரம் தள்ளி உட்காரும். மேலே மாஸ்டைப் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் வேறு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இறுகும், தளரும், போல்ட் நெகிழும். 2 மி.மீ. தகடு வைத்து மையப்படுத்தி, பேரிங் திருகுகளைக் கடைசியாக இறுக்குங்கள். ஏறும்போது முழு உடல் ஹார்னஸ், கீழே ஒருவர், பாக்ஸின் பிளக் அவர் பையில்.

கேள்வி: கார் வைப்பர் மோட்டாரில் ரோட்டேட்டர்? – ஈரோடு

பதில்: இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான சின்ன யாகி ஆன்டெனாவுக்குச் சரி. எடை மோட்டார் தண்டில் உட்காரக் கூடாது, தனி பேரிங் தாங்க வேண்டும். செயின் வைத்து இன்னொரு முறை வேகம் குறையுங்கள். எச்.எஃப். (சிற்றலை) பீமுக்கு நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: ஹாம்-4-ஐ நிமிர்த்தி வைத்தபடி பிரித்தேன், குண்டுகள் சிதறிவிட்டன. 98-இல் 97 தான் கிடைத்தது. ஒன்று குறைந்தால் பரவாயில்லையா? – நாகர்கோவில்

பதில்: தலைகீழாகக் கவிழ்த்து, அடித்தட்டை மேலே தூக்கித்தான் பிரிக்க வேண்டும். குண்டு ஒன்று குறைவதால் எதுவும் ஆகாது. காணாமல் போன குண்டு உள்ளேயே இருந்தால்தான் ஆபத்து, கியருக்கு நடுவில் போய் மாட்டும். கியர் தட்டில் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.